குளிரை அளப்பவர் யார்?

பசியை மனிதன் தன் வயிற்றால் அறிகிறான். குளிரைத் தன் தோலால் அறிகிறான். பிறனுடைய பசியையும் குளிரையும் அறிவதற்கு இயற்கை நமக்குத் தனியொரு பொறியைத் தரவில்லை. கண்ணும் செவியும் ஓரளவு உதவும். எஞ்சியதை உய்த்துணர வேண்டும், அல்லது கேட்டறிய வேண்டும். அறவாழ்வில் நேரும் பிழைகளுள் பல இவ்விடத்தில்தான் பிறக்கின்றன. கொடுக்க மனமில்லாதவரால் விளையும் தீங்கை எல்லாரும் அறிவர். கொடுக்க மனமிருந்தும், மற்றவருக்கு வேண்டுவது எது என்பதை அறியாதவரால் விளையும் தீங்கோ பெரும்பாலும் பேசப்படுவதில்லை.

ஒருவருக்கு எது தேவை, எது தேவையற்றது என்பதை முடிவு செய்யும் தகுதி யாருக்கு உண்டு? தேவையுடையவருக்கா? கொடுக்கும் நிலையில் இருப்பவருக்கா? நூல் கற்றவருக்கா? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். வினா பெரிது, அதற்கு யான் எடுத்துக்கொண்ட சான்று மிகச் சிறிது. கேமரன் மலையில் ஓடும் பழைய வண்டி ஒன்றின் ஓட்டுநர் அறைக்கு, ஹீட்டர் என்று வழங்கும் வெப்பமூட்டியைத் தேடிப் பிடித்துப் பொருத்திய செய்தியே அச்சான்று. சிறிய பொருளைக் காட்டிப் பெரிய பொருளை விளக்குவது ஆசிரியர்க்குக் கைவந்த முறையாதலின், இதனை ஒரு பாடமாகவே கொண்டு தொடங்கலாம்.

வெப்ப நாட்டில் ஒரு குளிர்நிலம்

மலேசியா நிலநடுக்கோட்டை அடுத்துள்ள நாடு; ஆண்டு முழுவதும் வெப்பமும் மழையும் உடையது. நம் பாடநூல்கள் இவ்வாறு கூறுகின்றன; நாமும் இவ்வாறே கற்பிக்கிறோம். கேமரன் மலைப் பள்ளியில் பயிலும் மாணவனோ, கம்பளிச் சட்டையின் கையை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டு இவ்விடையை எழுதுகிறான். முழு மதிப்பெண்ணும் பெறுகிறான். விடையும் பொய்யன்று, அவன் விரலின் நடுக்கமும் பொய்யன்று.

இம்முரண்பாட்டுக்குக் காரணம் நிலத்தின் உயரம். ஆயிரம் மீட்டர் மேலே சென்றால் ஏறத்தாழ ஆறரை டிகிரி வெப்பம் குறையும். 1885-ஆம் ஆண்டில் இம்மலைப்பகுதியை ஆராய்ந்த நில அளவையாளர் வில்லியம் கேமரன் பெயரால் வழங்கும் இவ்வூர்கள், ஏறத்தாழ 1,100 மீட்டர் முதல் 1,600 மீட்டர் வரையிலான உயரத்தில் அமைந்துள்ளன. 1929-ஆம் ஆண்டில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. 1931-இல் தாப்பாவிலிருந்து மலைச்சாலை அமைந்தது. அதன்பின் தேயிலையோடு காய்கறித் தோட்டங்களும் பெருகின. பிரிஞ்சாங்கைக் கடந்து வடக்கே செல்லும் சாலையில், திரிங்காப்புக்கும் கம்போங் ராஜாவுக்கும் இடையில் இருப்பது கோலா தெர்லா. கோலா என்னும் மலாய்ச் சொல் ஆறு சென்று கலக்கும் இடத்தைக் குறிக்கும். ஆறும் பள்ளத்தாக்கும் சேர்ந்த இடமாதலால், விடியற்காலையில் பனிமூட்டம் எளிதில் கலைவதில்லை.

இம்மலையில் பகலில் இதமான வெயிலும் இரவில் பதினைந்து டிகிரியை ஒட்டிய குளிரும் வழக்கமானவை. சில நாள்களில் அதனினும் கீழே இறங்கும். 1978-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் இங்கு 7.8 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. வெப்பமானி காட்டும் எண்ணோடு குளிர் முடிந்துவிடுவதுமில்லை. நனைந்த ஆடை காய்வதற்கு வெப்பம் வேண்டும். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி செலவாகும். அவ்வெப்பத்தை அணிந்திருப்பவர் உடலிலிருந்தே ஆடை எடுத்துக்கொள்கிறது. நனைந்த ஆடையுடன் திறந்த வண்டியில் காற்றை எதிர்கொண்டு செல்பவருக்குப் பதினைந்து டிகிரி என்பது வெறும் எண். அவர் அடையும் குளிர் வேறு.

வண்டியும் மூடிய துளையும்

கேமரன் மலைக்குச் சென்றவர்கள் அங்கே பழைய லேண்ட்ரோவர் வண்டிகள் மிகுதியாக ஓடுவதைக் கண்டிருப்பர். 1948-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்ட வண்டி அது. நான்கு சக்கரங்களும் இழுக்கும் திறனும், எளிதில் துருவேறாத அலுமினியக் கலவைத் தகட்டுடலும் உடையது. செங்குத்தான மண்சாலைகளில் முட்டைக்கோஸ் கூடைகளையும் உர மூட்டைகளையும் ஏற்றிச் செல்ல ஏற்றது. வேறு ஊர்களில் எப்போதோ பழைய இரும்பாகிவிட்ட வண்டிகள், இம்மலையில் தலைமுறை கடந்தும் உழைக்கின்றன. ஒன்று கெட்டால் அதன் உறுப்புகள் மற்றொன்றுக்கு உயிர் கொடுக்கின்றன.

இவ்வண்டிகளின் தொடக்க வகைகளில் ஹீட்டர் விலையில் அடங்கியதன்று. வேண்டுவோர் தனிப்பணம் கொடுத்து வாங்க வேண்டிய கூடுதல் பொருள். குளிர்நாட்டார் அதனைக் கேட்டு வாங்கினர். வெப்ப நாடுகளுக்கு அனுப்பப்பட்ட வண்டிகளில் பெரும்பாலும் அது இராது. நிலப்படத்தை வைத்துக்கொண்டு பார்ப்பவருக்கு இது நியாயமான முடிவாகவே தோன்றும். மலாயா வெப்ப நாடு. வெப்ப நாட்டில் குளிர்காயும் கருவி எதற்கு? நிலப்படத்தின் மேல் விரல் வைத்தால், கோலா தெர்லாவும் கோலக் கிள்ளானும் ஒரே நிறத்தில் இருக்கும். விடியற்காலைப் பனியை நிலப்படம் காட்டுவதில்லை.

ஆயினும் பாராட்டத்தக்க ஒன்றும் அவ்வண்டியில் உண்டு. எஞ்சினுக்கும் ஓட்டுநர் அறைக்கும் நடுவிலுள்ள தடுப்புத் தகட்டில், ஹீட்டர் பொருத்துவதற்கான துளைகளைச் செய்தவர்களே விட்டுவைத்தனர். ஹீட்டர் இல்லாத வண்டிகளில் அத்துளைகளை ஒரு சிறு மூடுதகடு மறைத்திருக்கும். திருகாணிகளைக் கழற்றினால் வழி திறந்துவிடும். முடிவு செய்தவர் தம் முடிவே இறுதியானது என்று கருதவில்லை. "இன்று வேண்டியதில்லை, நாளை வேண்டுவார் ஒருவர் வரக்கூடும்" என்று எண்ணி இடம் விட்டிருக்கிறார். இச்சிறு மூடுதகட்டை நினைவில் வைத்துக்கொள்க. பின்னர் அது நமக்கு வேண்டும்.

தேடலும் பொருத்தலும்

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் கோலா தெர்லாவில் காய்கறி ஏற்றும் தொழில் செய்பவர். அவருடைய பெற்றோர் தேயிலைக் கொழுந்து பறித்தவர்கள். அவர் வாங்கிய பழைய லேண்ட்ரோவரில் ஹீட்டர் இல்லை. விடியுமுன் புறப்படும்போது ஓட்டுபவரின் மூச்சு குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நீராகப் படியும். ஒரு கையால் துணிகொண்டு துடைத்தபடி, மறு கையால் வளைவுகளில் வண்டியைத் திருப்ப வேண்டும். மழைநாளில் சாளரத்தைத் திறந்தால் கண்ணாடி தெளியும், உடல் நனையும். மூடினால் உடல் காயும், கண்ணாடி மூடும். குளிரைப் பொறுத்துக்கொள்ளலாம், பாதை தெரியாமையைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

அவர் ஹீட்டரைத் தேடத் தொடங்கினார். மலையிலுள்ள பட்டறைகளில் கேட்டார். ஈப்போவின் பழைய இரும்புக் கடைகளில் துழாவினார். கேட்ட இடமெல்லாம் நகைத்தனர். குளிர்சாதனம் தேடி வருபவர்களை அவர்கள் கண்டிருக்கிறார்கள்; மலேசியாவில் ஹீட்டர் தேடி வந்த மனிதரைக் கண்டதில்லை. முடிவில், தோட்டத்தோரம் புல் மூடிக் கிடந்த ஒரு வண்டியின் எலும்புக்கூட்டுக்குள் அக்கருவி கிடைத்தது.

அதன் அமைப்பு எளியது. ஒரு சிறிய ரேடியேட்டர், அதன் பின்னால் மின்விசிறி, இரண்டு ரப்பர்க் குழாய்கள், ஒரு திறப்புக்குழாய். எஞ்சினைச் சுற்றிச் சூடேறிய நீர் ஒரு குழாய் வழியே வந்து, சிறு ரேடியேட்டரில் தன் வெப்பத்தை விட்டு, மறு குழாய் வழியே எஞ்சினுக்குத் திரும்பும். விசிறி அவ்வெப்பத்தைக் காற்றாக்கிக் கால்களுக்கும் கண்ணாடிக்கும் அனுப்பும். சில வண்டிகளில் புகைபோக்கியின் சூட்டைப் பயன்படுத்தும் முறையும் இருந்தது. அதில் சிறு விரிசல் ஏற்பட்டாலும், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுக்காற்று அறைக்குள் புகும். நீர்வழியில் அத்தகைய நச்சுக்கு இடமில்லை. வெப்பம் தருவது மட்டும் போதாது. அது வரும் வழியும் தூயதாக இருத்தல் வேண்டும்.

அவர் அந்தச் சிறு ரேடியேட்டரைக் கழுவி, ஒரு துளையை அடைத்து மறு துளையில் காற்றைச் செலுத்தி, நீர்த்தொட்டியில் அமிழ்த்திப் பார்த்தார். குமிழி வந்த இடத்தை ஈயம் வைத்துப் பற்றவைத்தார். மூடுதகட்டைக் கழற்றினார், எஞ்சினின் தலையில் அடைப்பானால் மூடப்பட்டிருந்த நீர்த்துளையைத் திறந்தார், குழாய்களை மாட்டிக் கவ்விகளை இறுக்கினார். நீர் நிரப்பும்போது உள்ளே தங்கிய காற்றை வெளியேற்றவும் மறக்கவில்லை. காற்று அடைத்துக்கொண்டால் வெந்நீர் ஓடாது. எல்லாம் முறையாகச் செய்து ஓட்டிப் பார்த்தபோது, வெதுவெதுப்பான காற்றே வந்தது, வெப்பம் இல்லை.

காரணத்தை ஆராய்ந்தபோது புதியதொரு செய்தி வெளிப்பட்டது. எஞ்சின் நீர் உரிய சூட்டை அடையும்வரை அதனைப் பெரிய ரேடியேட்டருக்குச் செல்லவிடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் என்னும் சிறு வாயில் அவ்வண்டியில் இல்லை. முன்பு பழுதுபார்த்த எவரோ கழற்றி எறிந்திருந்தார். வெப்ப நாடுகளில் பழுதுபார்ப்போரிடம் இப்பழக்கம் உண்டு. எஞ்சினுக்குக் குளிர்ச்சி எப்போதும் நல்லது என்பது அவர்கள் எண்ணம். உண்மையில், உரிய சூட்டை அடையாத எஞ்சின் எரிபொருளை மிகுதியாகக் குடிக்கும், விரைவில் தேயும். புதிய தெர்மோஸ்டாட் ஒன்றை வைத்த பிறகே ஓட்டுநர் அறைக்கு முழு வெப்பம் வந்தது.

இங்கே நாம் கருத வேண்டியது ஒன்று உண்டு. ஹீட்டர் வேண்டியதில்லை என்று முடிவு செய்தவர் பல்லாயிரம் கல் தொலைவில் இருந்தார். அவர் அறியாமைக்குத் தொலைவு காரணம் என்று சொல்லிவிடலாம். தெர்மோஸ்டாட்டைக் கழற்றியவர் அருகிலேயே இருந்தவர். குளிரை அவரும் அனுபவித்திருக்கக்கூடும். அருகில் இருந்தும் அவர், "இது வெப்ப நாடு" என்னும் பொதுவாய்பாட்டின்படியே நடந்தார். ஆகவே பிறர் தேவையை நம்மிடமிருந்து மறைப்பது தொலைவு மட்டுமன்று. ஆராயாத பழக்கமும் அதே வேலையைச் செய்யும்.

பேகனின் போர்வை

குளிரையும் கொடையையும் ஒருங்கே எண்ணும் தமிழருக்குப் பேகன் நினைவு வராமல் இராது. மயில் குளிரால் நடுங்குவதாகக் கருதித் தன் போர்வையை அதற்கு அளித்தவன் அவன். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகப் புலவர்களால் போற்றப்பட்டவன். வள்ளன்மைக்கு அவனை எடுத்துக்காட்டாகச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். எனினும் சிந்தனை முதிர்ந்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, மயிலுக்கு உண்மையிலேயே குளிர்ந்ததா?" என்று கேட்பானாயின் நாம் என்ன விடை சொல்வோம்? மயிலுக்கு இறகே போர்வை. பேகன் தன் தோலைக்கொண்டு மயிலின் குளிரை அளந்தான். நம் புலவர்கள் இத்தகைய கொடையைக் கொடைமடம் என்றனர். அன்பு மிகுந்தபோது ஆராய்ச்சி பின்தங்கிப்போவதை அச்சொல் இகழாமல் சுட்டுகிறது.

இதே பேகனைப் பற்றிப் புறநானூற்றில் வேறொரு செய்தியும் உண்டு. அவன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வாழ்ந்தான். கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகிய புலவர்கள் நால்வரும், அவளிடம் திரும்பிச் செல்லுமாறு அவனை வேண்டிப் பாடினர். காட்டு மயிலின் நடுக்கத்தைக் கண்டவன் கண்ணுக்கு வீட்டில் அழும் மனைவியின் துயரம் புலப்படவில்லை. பிறர் எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

இப்பொழுது இருவரை ஒப்பிட்டுப் பார்ப்போம். தொலைநாட்டில் இருந்து வண்டி அனுப்பியவர், கேளாமலே "வேண்டியதில்லை" என்றார். பேகன், கேளாமலே "வேண்டும்" என்றான். ஒருவரிடம் கணக்கு இருந்தது. மற்றவனிடம் அன்பு இருந்தது. இருவரிடமும் இல்லாதது ஒன்றே: எதிரில் உள்ளவரின் நிலையை அவரிடமிருந்தே அறிந்துகொள்ளும் முயற்சி. வள்ளுவர் ஈகை என்னும் அதிகாரத்துக்கு முன்னதாகவே ஒப்புரவுக்கு இடம் கொடுத்தார். அவ்வதிகாரத்தின் பெயர் ஒப்புரவறிதல். செய்தல் என்று முடியாமல் அறிதல் என்று முடியும் அப்பெயர் நம் வினாவுக்கு வழிகாட்டுகிறது. உதவி செய்வதற்கு முன்னே அறிய வேண்டியது ஒன்று உண்டு.

கம்பளியும் கணக்கும்

நம்மவர் வரலாற்றிலும் இவ்வினா பலமுறை எழுந்துள்ளது. தமிழகத்தின் வெப்பமான சமவெளிகளிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் மலைத்தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்களுக்குக் குளிர் புதியது. தோட்ட நிர்வாகம் அவர்களுக்குக் கம்பளி வழங்கியது. அதன் விலையை அவர்கள் பெயரில் கடனாக எழுதிக்கொண்டது. தேவை அறியப்பட்டது, பொருளும் தரப்பட்டது, ஆயினும் அது உதவியாகவில்லை. குளிர் போன இடத்தில் கடன் வந்து அமர்ந்தது.

இந்தியாவில் 1951-ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டபோது, மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் காக்கக் குடை, கம்பளி, மழைச்சட்டை முதலியவற்றை முதலாளி வழங்குமாறு மாநில அரசுகள் விதி செய்யலாம் என்று ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. தொழிலாளியின் குளிர் அதுவரை கங்காணியின் கருணைக்கோ துரையின் மனநிலைக்கோ உட்பட்டிருந்தது; சட்ட நூலில் இடம்பெற்றபின் அது உரிமை என்னும் தகுதியைப் பெறத் தொடங்கியது. ஒருவர் தம் தேவையைக் கைகட்டி நின்று சொல்வதற்கும், உரிமையாக எடுத்துச் சொல்வதற்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு.

முன்னறையும் பின்தட்டும்

ஹீட்டரைப் பொருத்திய மாணவரிடம் யான் ஒரு வினா எழுப்பினேன். தோட்டத்து மண்சாலைகளில் அவருடைய வண்டியின் பின்புறத்தில் வேலையாள்கள் அமர்ந்து செல்வதுண்டு. முன்னறையில் இருப்பவருக்கு வெப்பம், பின்னால் இருப்பவருக்குக் குளிர் என்பது முறையாகுமா என்று கேட்டேன். அவர் சொன்ன விடை இது: "ஐயா, பின்னால் தார்ப்பாயைச் சரியாகக் கட்டி, காற்று வரும் பக்கத்தை அடைத்துவிட்டுத்தான் இதில் கை வைத்தேன். கண்ணாடி தெளிவாக இருந்தால் பின்னால் இருப்பவர்களும் பத்திரமாகப் போய்ச் சேருவார்கள்."

இவ்விடையில் இரண்டு நியாயங்கள் அடங்கியுள்ளன. ஓட்டுநரின் கை மரத்துப் போகாமல் இருப்பதும், கண்ணாடி தெளிந்திருப்பதும் அவர் ஒருவருடைய சுகம் அல்ல. வண்டியிலுள்ள அனைவருடைய பாதுகாப்பும் அவற்றில் அடங்கும். பொறுப்புடையவருக்குத் தரப்படும் வசதி, அப்பொறுப்பைச் செம்மையாக நிறைவேற்ற உதவும்வரை நியாயமானது. இஃது ஒன்று. வசதி பெறுபவர் தமக்கு முன்னே பிறருக்குச் செய்யவேண்டியதைச் செய்து முடித்திருக்க வேண்டும் என்பது மற்றொன்று. முதல் நியாயத்தை நாம் அனைவரும் எளிதில் சொல்லிவிடுகிறோம். பதவியில் இருப்போர் தம் அறைக்குக் குளிர்சாதனம் கேட்கும்போதும் இதனையே சொல்கின்றனர். இரண்டாவதையும் சேர்த்துச் சொல்பவரே முதலாவதைச் சொல்லும் தகுதி உடையவர்.

வெப்பத்துக்கு ஒரு தீய இயல்பு உண்டு: அது மறதியைத் தரும். உடல் சூடேறிய சிறிது நேரத்தில் குளிர் எப்படியிருந்தது என்பது நினைவைவிட்டு நீங்கிவிடும். உண்டவனுக்குப் பசி புரியாதது போல், குளிர் நீங்கியவனுக்குக் குளிர் புரியாது. ஆதலின் முன்னறையில் அமர்ந்திருப்பவர், வண்டியை இடையிடையே நிறுத்திப் பின்னால் சென்று பார்த்தே அறிய வேண்டும்.

சென்று பார்ப்பதோடு கேட்கவும் வேண்டும்; கேட்பதிலும் எச்சரிக்கை வேண்டும். நனைந்த ஆடையுடன் நிற்கும் மூதாட்டியிடம், "குளிராக இருக்கிறதா அம்மா?" என்று கேட்டால், "பழகிவிட்டது ஐயா" என்றுதான் விடை வரும். "தேவையில்லை" என்பது அதன் பொருளன்று. கேட்டுக் கேட்டுக் கிடைக்காமற் போனவர், பிறருக்குத் தொல்லை தர விரும்பாதவர், கேட்டால் வேலைக்கு இடையூறு வருமோ என்று அஞ்சுபவர் ஆகிய அனைவரும் சொல்லும் சொல் அது. பழக்கம் குளிரைக் குறைப்பதில்லை. குளிரைப் பற்றிய பேச்சைத்தான் குறைக்கிறது. ஆதலின் செவியால் கேட்டதைக் கண்ணால் கண்டதோடு வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டையும் அறிவால் ஆராய வேண்டும்.

மிகுதியும் பகுதியும்

ஹீட்டர் தரும் வெப்பம் எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்த்தல் நலம். பழைய பெட்ரோல் எஞ்சினில், எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே வண்டியை ஓட்டப் பயன்படும். எஞ்சியவற்றுள் பெரும்பகுதி, புகையோடும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியே போய்விடும். மலைக்காற்றுக்கு வீணே தரப்பட்ட அவ்வெப்பத்தில் ஒரு சிறு பங்குதான் ஓட்டுநர் அறைக்குத் திருப்பப்படுகிறது. அதற்காக எஞ்சின் புதிதாக உழைப்பதில்லை. சிறு விசிறி உண்ணும் மின்சாரமே செலவு. அவ்வண்டியில் வெப்பம் எந்நாளும் இருந்தது. இல்லாதிருந்தது வழி மட்டுமே.

உலகில் பல தேவைகள் இத்தகையவை. பொருள் ஓரிடத்தில் வீணாகிறது. அதே பொருள் இன்றி மற்றோரிடத்தில் ஒருவர் வாடுகிறார். இடையில் ஒரு குழாயும் ஒரு திறப்பும் இருந்தால் போதும். பள்ளி நூலகத்தில் தூசி படிந்திருக்கும் நூல், மாணவர் எல்லாரும் வீடு திரும்பிய பின் பூட்டிக் கிடக்கும் வகுப்பறை, ஓய்வு பெற்ற ஆசிரியரின் பட்டறிவு ஆகியவை ரேடியேட்டர் வழியே வீணாகும் வெப்பம் போன்றவை. இவற்றைப் பகிர்வதால் தருபவருக்கு யாதொரு குறைவும் இல்லை.

எல்லா உதவியும் இவ்வளவு எளியதன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்று பெருகிவரும் மின்சார வண்டிகளில் வீணாகும் வெப்பம் மிகக் குறைவு. அவற்றின் அறையைச் சூடேற்ற மின்கலத்திலுள்ள ஆற்றலையே செலவிட வேண்டும். அதற்கேற்ப வண்டி செல்லும் தொலைவு குறையும். அங்கே வெப்பம் தருபவர் தம் வழிப்பயணத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கிறார். மிகுதியிலிருந்து தருவது ஒருவகை. தன் பகுதியிலிருந்து தருவது மற்றொரு வகை. முன்னதைச் செய்யாதவர் பின்னதைப் பற்றிப் பேசுவது பொருந்தாது.

வகுப்பறைக் குளிர்

ஆசிரியப் பயிற்சியில் நாம் முதலில் கற்கும் சொற்களுள் ஒன்று சராசரி. வகுப்பின் சராசரி மதிப்பெண் அறுபது என்றால், அவ்வகுப்பில் எவருமே அறுபது பெறாமல் இருக்கக்கூடும். தொண்ணூறு பெற்றவனும் முப்பது பெற்றவனும் சேர்ந்தே அந்த எண்ணை உண்டாக்குகின்றனர். மலேசியா வெப்ப நாடு என்னும் கூற்றும் அத்தகையது. சராசரி பொய் சொல்வதில்லை. ஆனால் அது எந்த ஒரு மனிதனைப் பற்றியும் பேசுவதுமில்லை.

"ஒவ்வொருவரையும் கேட்டறிந்து செய்வதென்றால் நிர்வாகம் நடவாதே, பொதுவிதி இல்லாமல் பள்ளியோ தோட்டமோ நாடோ இயங்குமா?" என்று வினவுவோர் உண்டு. அவர் கூற்றில் உண்மை இருக்கிறது. பொதுவிதி வேண்டும். ஐந்நூறு மாணவர்க்கு ஐந்நூறு பாடத்திட்டம் வகுக்க எவராலும் ஆகாது. இவ்விடத்தில்தான் அந்தச் சிறு மூடுதகடு நமக்கு உதவுகிறது. வண்டியைச் செய்தவர் எல்லா வண்டிக்கும் ஹீட்டர் வைக்கவில்லை. ஆனால் எல்லா வண்டியிலும் அதற்கான இடத்தை வைத்தார். பொதுவிதி செய்வோரும் இவ்வாறே செய்தல் கூடும். விதியில் ஓர் இடம் விடுக. அதனை மூடும் தகட்டைப் பற்றவைத்துவிடாமல் திருகாணியால் பொருத்துக. வேண்டுவார் வரும்போது கழற்றுவதற்கு அது எளிதாக இருக்கட்டும்.

காலையில் தாமதமாக வரும் மாணவனுக்குத் தண்டனை என்பது விதி. அவன் தாய் விடியுமுன் பெரட்டுக்குச் சென்றுவிட, தங்கையை எழுப்பி, உடுத்தி, ஊட்டி அழைத்து வருபவன் அவன் என்பதைக் கேட்டறிய ஒரு நிமிடம் ஒதுக்குவது விதியில் விடப்பட்ட இடம். பாடம் புரிந்ததா என்று கேட்டால் வகுப்பு முழுவதும் "புரிந்தது ஐயா" என்று ஒருமித்துக் கூறும். கடைசி வரிசையில் இருப்பவனின் "புரிந்தது" என்பதும், மூதாட்டியின் "பழகிவிட்டது" என்பதும் ஒரே பொருளுடையனவாக இருக்கலாம். அவனருகே சென்று, அவன் ஏட்டைப் புரட்டிப் பார்ப்பதே அவன் குளிரை அளக்கும் வழி.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இனி விடை கூறலாம். ஒருவருடைய குளிரை முதலில் அறிபவர் அவரே. ஆதலின் அவர் சொல்லுக்கே முதலிடம். அவர் சொல்லத் தயங்குவாராயின், சொல்லும் துணிவை அவருக்கு உண்டாக்குவது அருகிலுள்ளவர் கடமை. விதி செய்யும் இடத்தில் இருப்பவர் தம் அளவுகோல் தவறக்கூடும் என்பதை ஒப்புக்கொண்டு, திருத்தத்துக்கு வழி விட்டுவைத்தல் வேண்டும். இம்மூன்றும் கூடிய இடத்தில்தான் உதவி உதவியாகிறது. ஒன்று குறைந்தாலும் அன்பு கொடைமடமாகும், அல்லது கணக்கு கொடுமையாகும்.

மாணவச் செல்வங்களே, நீங்கள் நாளை ஆசிரியராகலாம், அலுவலராகலாம், சட்டம் செய்பவராகவும் ஆகலாம். உங்கள் மேசைமேல் ஒரு பட்டியல் வரும். அதில் "இவ்வூருக்கு இது தேவையில்லை" என்று முன்பிருந்த எவரோ எழுதிவைத்திருப்பார். கையெழுத்திடுமுன் ஒரு முறையேனும் அவ்வூருக்கு விடியற்காலையில் சென்று பாருங்கள்.